டவர் போனா அலெக்சா பேசுமா? ஹாம் ரேடியோ ரிப்பீட்டரோட வாய்ஸ் அசிஸ்டென்ட்டை இணைக்க முடியுமா?

2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, ரயில்கள் நிறுத்தப்பட்டன. பல ஊர்களில் கரண்ட் இல்லை. இப்படி ஒரு ராத்திரியில் 'ஹே கூகுள், எந்த ரோடு திறந்திருக்கு?' என்று கேட்டால் என்ன ஆகும்?

டவர் பேட்டரி தீர்ந்துவிட்டால் பதில் வராது. நாம் கேட்கும் கேள்வி நெட் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் பதிலாகத் திரும்புகிறது. அலாரம் வைப்பது மாதிரி ஒண்ணு ரெண்டு வேலையைத்தான் போன் தனியாகச் செய்யும்.

அப்போ ரிப்பீட்டர்?

ஹாம் ரேடியோவுக்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஆனால் கையில் பிடிக்கும் 5 வாட் செட் சமவெளியில் சில கிலோமீட்டர்தான் எட்டும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 40 கி.மீ. இருக்கே! அங்கேதான் ரிப்பீட்டர் கைகொடுக்கும். உதாரணத்துக்கு, செஞ்சி மலை மாதிரி ஒரு உயரத்தில் அதை வைத்தால், ஒரு அலைவரிசையில் நம் குரலை வாங்கி, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் அதிக சக்தியோடு திருப்பி அனுப்பும். இந்தியாவில் இதற்கு அதிகம் பயன்படுவது 144 - 146 மெகாஹெர்ட்ஸ். பேட்டரியும் சோலார் பேனலும் இருந்தால் கரண்ட் போனாலும் ஓடும்.

குரலால் இயக்க முடியுமா?

முடியும். பல ரிப்பீட்டர்களை இப்போது கீபேட் டோன் மூலம் கட்டுப்படுத்துகிறார்கள். அதற்குப் பதிலாக ராஸ்பெர்ரி பை மாதிரி குட்டி கம்ப்யூட்டரை இணைத்து, 'பேட்டரி எவ்வளவு இருக்கு?' என்று கேட்டால் அது குரலிலேயே பதில் சொல்லும்படி செய்யலாம். பார்வைக் குறைபாடு உள்ள ஹாம்களுக்கு இது நிஜமாகவே பெரிய உதவி. ஆனால் புயல் நேரத்துக்கு நெட் இல்லாமல் ஓடும் மென்பொருள்தான் வேணும். 2022-ல் வந்த விஸ்பர் அப்படி ஓடக்கூடியது, தமிழும் தெரியும். மழை இரைச்சலோடு ரேடியோவில் வரும் நம்ம ஊர் பேச்சு அதற்கு எவ்வளவு புரியும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

சிக்கல்களும் இருக்கு. அலெக்சாவை அப்படியே ரிப்பீட்டரில் மாட்டிவிட்டால், யாராவது விளையாட்டாக 'பாட்டு போடு' என்பார்கள். ஹாம் அலைவரிசையில் பாட்டு ஒலிபரப்பக் கூடாது, மாட்டுவது லைசென்ஸ்காரர்தான். இன்னொண்ணு 'வாக்ஸ்'. பட்டனை அழுத்தாமல் குரல் கேட்டாலே செட் ஒலிபரப்பத் தொடங்கும் வசதி இது. ஃபேன் சத்தம், மழைச் சத்தத்துக்கும் ஆன் ஆகிவிடும். ஒரு ரிப்பீட்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், உதவி கேட்பவரின் குரல் அடியில் மாட்டிக்கொள்ளும். அவசர நேரத்தில் வாக்ஸை ஆஃப் பண்ணி வைப்பதே நல்லது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்தது பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு. தொலைபேசி செத்துப்போன அந்தமானிலிருந்து, உறவினர்களுக்குத் தகவல் சேர்த்தது அவர்கள்தான். யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதும் அந்த வேலையை இன்றைக்கும் மெஷினிடம் விட முடியாது. பெயர் ஒரு எழுத்து மாறினாலும் தகவல் வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

ஆர்வம் இருப்பவர்கள் முதலில் லைசென்ஸ் வாங்க வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். லைசென்ஸ் இல்லாமல் வெறுமனே கேட்டுப் பழகலாம்னு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கியை வாங்கிவிடாதீர்கள். ஒலிபரப்பக்கூடிய செட்டை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் தேவை.