கடனும் வீட்டோடு சேர்ந்துதான் வரும்

"அடமானத்துல இருக்கிற வீட்டை விக்க முடியுமா அண்ணே?" என்று டவுன் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமா விக்கலாம். நம்ம கிராமங்களில் காலங்காலமாக நடக்கிறதுதான். ஆனால் எதை விக்கிறோம்னு தெரிஞ்சு விக்கணும்.

ஒத்தி ரொம்பப் பழைய ஏற்பாடு. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே 'ஒற்றி' என்ற சொல் இருக்கிறது. பணம் கொடுத்தவன் நிலத்தை உழுது சாப்பிடுவான், இல்லேன்னா வீட்டில் குடியிருப்பான். வட்டி கிடையாது. அசலைக் கொடுத்தால் மீட்டுக்கலாம். சில ஊர்களில் இதைப் போக்கியம் என்பார்கள். இதில் ஒளிவுமறைவுக்கு இடமே இல்லை. யார் வீட்டில் யார் குடியிருக்கான்னு ஊருக்கே தெரியும். அந்த வீட்டை வாங்குகிறவன், ஒத்திக்காரனுக்குப் பணம் கட்டி மீட்கும் உரிமையைத்தான் வாங்குகிறான்.

சிக்கல் வந்தது வெறும் அடமானத்தில். கடன்காரன் தன் வீட்டிலேயே இருப்பான், கடன் காகிதத்தில் இருக்கும். வெளியாளுக்கு எப்படித் தெரியும்? வெள்ளைக்காரன் காலத்தில் 1864-இல் பத்திரப் பதிவுச் சட்டம் வந்தது. 1882-இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானத்தைப் பதிவு செய்யணும்னு ஆச்சு. ஊர் வாயில் இருந்த விவரம் சார்பதிவாளர் ஆபீஸ் புத்தகத்துக்குப் போனது. நாம் போட்டுப் பார்க்கிற வில்லங்கச் சான்று அந்தப் புத்தகத்திலிருந்து வருவதுதான்.

அதே 1882 சட்டம் விற்பனைக்கும் வழி சொன்னது. கடனோடு சேர்த்து விக்கிறேன்னு பேசி விக்கலாம். அப்படிப் பேசாவிட்டால் வில்லங்கத்தைத் தீர்த்துக் கொடுப்பது விக்கிறவர் பொறுப்பு. வில்லங்கம் இல்லைன்னு வித்த வீட்டில் கடன் இருந்தால், வாங்குகிறவர் அந்தத் தொகையை விலையில் பிடித்துவைத்துக் கடன் கொடுத்தவரிடம் நேரடியாகக் கட்டலாம். வீடு 10 லட்சம், கடன் 6 லட்சம்னா, விக்கிறவர் கைக்கு வருவது 4 லட்சம்தான்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களில் மூலப்பத்திரத்தைக் கையில் கொடுத்தாலே அடமானம் ஆகிவிடும். பதிவு தேவையில்லை. வியாபாரிகளுக்காக வைத்த சலுகை இது. வீடு எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, பத்திரத்தை அங்கே போய்க் கொடுத்தால் போதும். பிறகு அரசு அறிவிப்பால் மற்ற ஊர்களுக்கும் வந்தது. பேங்குகள் வீட்டுக்கடன் கொடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட இருக்காது, வீட்டின் மேல் லட்சக்கணக்கில் கடன் இருக்கும். 2012-இல்தான் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி இந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்யணும்னு ஆக்கினார்கள். அதற்கு முந்தின கடன் சான்றில் வராமலே போகலாம். அதனாலதான் பெரியவங்க "ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால பாரு" என்பார்கள். ஜெராக்ஸைக் காட்டி "ஒரிஜினல் பீரோவுல இருக்கு"ன்னு சொன்னால் அன்னிக்கே அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

எங்க தெருவில் ஒரு அக்கா, வீட்டுக்காரர் போன பிறகு பேங்க் கடனைக் கட்ட முடியாமல் வீட்டை விக்க வந்தார். கல்யாண வயசில் ரெண்டு பொண்ணு. கடன் இருப்பதை மறைச்சுடுன்னு சொந்தக்காரங்களே சொன்னாங்க. அவர் கேட்கவில்லை. பேங்க்கில் பாக்கி எவ்வளவுன்னு எழுதி வாங்கி, முதல் நாளே வாங்குகிறவரிடம் காட்டினார். அவர் அந்தத் தொகைக்கு பேங்க் பேரிலேயே டிடி எடுத்தார். கடன் தீர்ந்து, ரத்து ரசீது பதிவாகி, மூலப்பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் கிரயம். மீதிப் பணம் அன்னிக்கே அக்கா கணக்கில் ஏறியது.

கிரயப் பத்திரத்தில் "யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்" என்று ஒரு வரி வரும். யாரும் நின்னு படிக்கிறதில்லை. கையெழுத்துப் போடும் முன் விக்கிறவரும் வாங்குகிறவரும் அந்த வரியை ஒருமுறை சத்தமாப் படிச்சுக்கோங்க.