முப்பதாயிரம் அடியில் மூக்கடைப்பு

ஊட்டிக்கு பஸ்ல போயிருப்பீங்க. பர்லியார் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஆரம்பிச்சதும் காது அடைச்சுக்கும். எச்சிலை முழுங்கினா 'டப்'புன்னு திறக்கும். விமானத்துல நடக்கறதும் இதேதான், வேகம் மட்டும்தான் வித்தியாசம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்து மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகாம பார்த்துக்கறாங்க. ஊட்டி சுமார் 7,300 அடி, தொட்டபெட்டா சுமார் 8,650 அடி. அதாவது ஒவ்வொரு விமானப் பயணமும் ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவுல ஒரு இடத்துக்குப் போயிட்டுத் திரும்பற மாதிரிதான். மேட்டுப்பாளையத்துல கிளம்பற மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற கிட்டத்தட்ட 5 மணி நேரம் எடுத்துக்குது. விமானம் உங்களை 20, 25 நிமிஷத்துல ஏத்தி, அதே அளவு நேரத்துல இறக்கிடுது.

சளி இல்லாதவனுக்கு இது ஒண்ணுமே இல்லை. சளி பிடிச்சவனுக்கு? இறங்கும்போது புருவத்துக்கு மேல ஆணி அடிக்கிற மாதிரி ஒரு வலி வரும். சிலருக்கு கன்னத்துல, சிலருக்கு மேல்வரிசைப் பல்லுல. சிலருக்கு மூக்குல ரத்தமே வந்துடும்.

வல்லக்கோட்டை பக்கம் இருக்கறவங்களுக்கு இது ரொம்பவே சம்பந்தப்பட்ட விஷயம். முப்பது வருஷம் முன்னாடி இந்த ஊரை முருகன் கோயிலுக்காக மட்டும்தான் வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். இன்னிக்கு ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் வல்லம் வடகால், கொஞ்சம் தள்ளி ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. கார், லாரி, மோட்டார் சைக்கிள்னு எல்லாம் இங்கேயிருந்துதான் போகுது. கொரியா, ஜப்பான், ஜெர்மனின்னு ட்ரெயினிங்குக்கும் மிஷின் டெஸ்டிங்குக்கும் பெட்டியோட கிளம்பற இன்ஜினியர்கள் இந்தப் பக்கம் ஏராளம். வீசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, அங்கே ஆள் காத்திருக்கான். அந்த நேரம் பார்த்து சளி பிடிச்சா, "அடுத்த வாரம் போறேன் சார்"னு மேனேஜர்கிட்ட சொல்ல எத்தனை பேருக்கு தைரியம் வரும்? "சளிக்கெல்லாமா லீவு?"ன்னு கேட்டா என்ன பதில் சொல்றது?

பதில் சரித்திரத்துல இருக்கு. கொஞ்சம் பின்னாடி போவோம்.

முதல் பலி ஒரு விஞ்ஞானி

1783, டிசம்பர் 1. பாரிஸ். ஜாக் சார்லஸும் நிக்கோலா லூயி ராபர்ட்டும் ஹைட்ரஜன் நிரப்பின பலூன்ல ஏறிப் பறந்தாங்க. ஹைட்ரஜன் பலூன்ல மனுஷன் பறந்தது அதுதான் முதல் தடவை. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு கிராமத்து வயல்ல பத்திரமா இறங்கினதும் ராபர்ட் இறங்கிக்கிட்டார். சார்லஸ் மட்டும் தனியா இன்னொரு தடவை போயிட்டு வரலாம்னு கயிறை விடச் சொன்னார். ஒரு ஆள் பாரம் குறைஞ்ச பலூன் ஜிவ்வுனு சுமார் 3,000 மீட்டருக்கு ஏறிடுச்சு. கீழே அஸ்தமிச்ச சூரியனை மேலே போய் மறுபடி பார்த்தார். ஒரே நாளில் ரெண்டு அஸ்தமனம்! ஆனா அதோட சேர்த்து வலது காதிலும் தாடைப் பக்கத்திலும் தாங்க முடியாத வலி. இறங்கி வந்த மனுஷன் அதுக்கப்புறம் சாகும் வரை பலூன்ல ஏறவே இல்லை.

இதுல ஒரு வேடிக்கை. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில படிச்ச 'சார்லஸ் விதி' ஞாபகம் இருக்கா? அந்த சார்லஸ்தான் இவர். அவர் விதி வெப்பநிலையைப் பத்தினது. அவரை வதைச்சதோ அவருக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி, 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. அழுத்தம் குறைஞ்சா வாயுவின் கன அளவு கூடும், அழுத்தம் கூடினா குறையும். தரையில் 100 மில்லி இருக்கும் காற்று, 8,000 அடியில் கிட்டத்தட்ட 134 மில்லி ஆகும். பலூனுக்குப் பொருந்தற விதி மண்டைக்கும் பொருந்தும்.

மண்டைக்குள் காலி ரூம்கள்

"எனக்கு சைனஸ் இருக்குங்க"ன்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். உண்மையில சைனஸ் எல்லாருக்கும் இருக்கு. அது நோயோட பேர் கிடையாது, மண்டை ஓட்டுக்குள்ள இருக்கும் காற்று அறைகளோட பேர். நெற்றி, கன்னம், ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, மூக்குக்குப் பின்னாடி ஆழத்துலன்னு நாலு ஜோடி. லியொனார்டோ டா வின்சி 1489-லேயே மண்டை ஓட்டை அறுத்து இதையெல்லாம் படமா வரைஞ்சிருக்கார். 1651-ல் நதானியல் ஹைமோர்ங்கற ஆங்கில டாக்டர் கன்னத்து சைனஸை விளக்கமா எழுதினார், அவர் பேரிலேயே அதைக் கூப்பிட்டாங்க.

ஒவ்வொரு அறைக்கும் மூக்குக்குள்ள திறக்கும் ஒரு சின்ன வாசல் உண்டு. சில மில்லிமீட்டர்தான். விமானம் ஏறும்போது அறைக்குள்ள இருக்கும் காற்று விரிஞ்சு, வழியில கொஞ்சம் சளி இருந்தாலும் பெரும்பாலும் தள்ளிக்கிட்டு வெளியே வந்துடும். பிரச்சினை இறங்கும்போது. உள்ளே காற்று சுருங்குது, வெளியிலிருந்து காற்று உள்ளே போகணும். சளியும் வீங்கின சவ்வும் வாசலை அடைச்சிருந்தா, உறிஞ்சற வேகத்துல அடைப்பு இன்னும் இறுகிக்கும். ஈரத்துணியை வாயில வச்சு மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்க, புரியும். அறைக்குள்ள அழுத்தம் குறைய, சுவர் சவ்வு வீங்கி, நீர் கோத்து, சமயத்துல ரத்தக்குழாய் வெடிச்சு அந்த இடத்தை ரத்தம் நிரப்பும். அந்த ரத்தம்தான் அப்புறம் மூக்கு வழியா வருது. நெற்றி சைனஸ்லதான் இது அதிகம், அதோட வடிகால் பாதை நீளமும் குறுகலுமா இருக்கறதால.

காதுக்கு வேலைக்காரன் உண்டு, சைனஸுக்கு இல்லை

விமானத்துல வலின்னா உடனே எல்லாரும் "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடி ஊது"ன்னுவாங்க. இந்த வித்தைக்குப் பேர் வல்சால்வா. அன்டோனியோ வல்சால்வா 1704-ல் காதைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதின இத்தாலிய டாக்டர். காதுக்குள்ள தங்கின சீழை வெளியே தள்ளறதுக்குத்தான் இதைச் சொன்னார். விமானத்தை அவர் கனவுலகூட பார்த்திருக்க மாட்டார் :-) இன்னொரு வித்தை டாயின்பீ, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எச்சில் முழுங்கறது. 19-ஆம் நூற்றாண்டு லண்டன் காது டாக்டர் ஜோசப் டாயின்பீயோட கண்டுபிடிப்பு. பாவம், காது இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்மையும் விஷ ஆவியையும் தானே இழுத்துப் பார்த்த பரிசோதனையில் 1866-ல் செத்துப்போனார்.

இந்த வித்தைகள் எல்லாம் காதுக்குத்தான் கைகொடுக்கும். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு வரும் குழாயைத் திறக்கத் தசை இருக்கு. முழுங்கினா, கொட்டாவி விட்டா அந்தத் தசை கதவைத் திறந்துவிடும். சைனஸ் வாசலுக்கு அப்படி ஒரு தசையே கிடையாது. வெறும் ஓட்டை. அடைஞ்சா அடைஞ்சதுதான். அதனால்தான் காது வலிக்கு மிட்டாய் சப்பினா சரியாகுது, சைனஸ் வலிக்கு ஒரு டப்பா மிட்டாய் தின்னாலும் ஒண்ணும் நடக்கறதில்லை. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ்ல ஏறினதும் தட்டுல மிட்டாயும் பஞ்சும் நீட்டுவாங்களே, அது முழுக்க காது சேவை!

போர் கற்றுக்கொடுத்த பாடம்

பலூன் காலத்துல இது சில பேரோட பிரச்சினை. இரண்டாம் உலகப் போர் இதை ஆயிரக்கணக்கான இளைஞர்களோட பிரச்சினையாக்கிடுச்சு. ஒரு நிமிஷத்துக்குள்ள ஆயிரக்கணக்கான அடி கீழே பாயும் விமானங்கள். உள்ளே அழுத்தக் கட்டுப்பாடு கிடையாது. ஜெர்மன் விமானப்படை டாக்டர் ஹெர்மன் ஃபிரென்ஸல் விமானிகளுக்குத் தொண்டையை வச்சே காதைத் திறக்கும் ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவுல ஹாரி ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஹைமும் 1937-லேயே, பறக்கும்போது நடுக்காதுக்கு என்ன ஆகுதுன்னு ஆராய்ந்து எழுதியிருந்தாங்க. 1940-களில் பால் கேம்பல்ங்கற ராணுவ டாக்டர் சைனஸ் பக்கத்தை எடுத்துக்கிட்டு, இந்த வலிக்கு 'ஏரோசைனஸைட்டிஸ்'ங்கற பேரில் விளக்கமா எழுதினார்.

இவங்க எல்லாரும் சேர்ந்து கண்ட முடிவு ரொம்ப எளிமையானது: சளி பிடிச்ச விமானியைப் பறக்க விடாதே. யோசிச்சுப் பாருங்க. போர் நடக்குது, ஒவ்வொரு விமானியும் தங்கம். அப்பவும் சளின்னா தரையில உட்கார வச்சாங்க. இரக்கத்துனால இல்லை. கண்ணுக்கு மேல திடீர்னு ஆணி அடிச்சா அவனால விமானத்தை ஓட்ட முடியாதுங்கற கணக்கு. நம்ம நாட்டுலயும் 1957-ல் பெங்களூருல விமானப்படை ஒரு விமான மருத்துவப் பள்ளியை ஆரம்பிச்சது. பின்னாளில் அதுதான் விண்வெளி மருத்துவ நிலையமா வளர்ந்தது.

மலையை உள்ளே கொண்டு வந்த கதை

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில இருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார், அங்கிருந்து நெவில் வின்சென்ட் மெட்ராஸ் வரை கொண்டு வந்தார். அந்த சின்ன பஸ் மாத் விமானத்துல வெளியே என்ன அழுத்தமோ உள்ளேயும் அதேதான். அப்புறம் வந்த டகோட்டாவும் அப்படித்தான்.

1937-ல் அமெரிக்க ராணுவத்துக்காக லாக்ஹீட் கட்டின எக்ஸ்.சி-35 அழுத்த அறையோட பறந்து காட்டுச்சு. 1940-ல் போயிங் 307 அந்த வசதியோட பயணிகளை ஏத்திக்கிட்டு சேவைக்கு வந்தது. 1948 ஜூன் 8-ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து லண்டனுக்குத் தன் முதல் விமானத்தை விட்டப்போ, அந்த கான்ஸ்டலேஷன் விமானத்துல அழுத்தக் கட்டுப்பாடு இருந்தது. 1957-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கின வைகவுன்ட்டுகளிலும் அப்படியே.

"அப்போ தரையில இருக்கும் அழுத்தத்தையே உள்ளே வச்சிட வேண்டியதுதானே, எதுக்கு 8,000 அடி?"ன்னு கேட்கலாம். விமான உடம்பு தாங்கணுமே! ஒவ்வொரு பயணத்திலும் அது பலூன் மாதிரி லேசா உப்பி, இறங்கினதும் தளரும். 1954-ல் ரெண்டு காமெட் ஜெட்டுகள் நடுவானில் உடைஞ்சு கடல்ல விழுந்ததுக்கு, இப்படி உப்பி உப்பித் தளர்ந்த உலோகத்தில் விரிசல் விட்டதுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அழுத்தம் கூடினா எடையும் கூடணும். ஆக 8,000 அடிங்கறது நம்ம நுரையீரலும் விமானத்தோட உலோகமும் பண்ணிக்கிட்ட சமரசம். நம்ம சைனஸை யாரும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடலை. கார்பன் இழையில் செஞ்ச போயிங் 787 வந்தப்புறம்தான் இது 6,000 அடிக்கு இறங்குச்சு. ஏர் இந்தியாவுக்கு அது 2012-ல் வந்தது. 100 மில்லி காற்று அங்கே சுமார் 125 மில்லிதான் ஆகும். சளிக்காரனுக்கு அதுவும் கொஞ்சம் புண்ணியம்தான்.

இந்த ஏற்பாடு இல்லாம போனா என்ன ஆகும்? 2018 செப்டம்பர் 20, மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பின ஜெட் ஏர்வேஸ் விமானம். 166 பயணிகள். இன்ஜினிலிருந்து அழுத்தக் காற்றை உள்ளே விடும் ஸ்விட்சை ஊழியர்கள் போட மறந்துட்டாங்கன்னு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொன்னது. விமானம் ஏற ஏற உள்ளேயும் அழுத்தம் குறைஞ்சது, ஆக்ஸிஜன் மாஸ்க் எல்லாம் கீழே விழுந்தது. சுமார் 30 பேருக்கு மூக்கிலும் சிலருக்குக் காதிலும் ரத்தம். விமானம் மும்பைக்கே திரும்பிடுச்சு. எல்லாரும் நோயாளிகள் இல்லை, சாதாரண மனுஷங்க. ஒரே ஒரு ஸ்விட்ச், எல்லாரையும் 1783-க்குத் திருப்பி அனுப்பிடுச்சு.

சரி, சளி பிடிச்சவன் என்ன செய்யறது?

முதல் வழி, தள்ளிப்போடறது. சைனஸ்ல கடுமையான தொற்று இருக்கும்போது பறக்க வேண்டாம்னுதான் விமானப் பயண மருத்துவ வழிகாட்டிகளும் சொல்லுது. போயே ஆகணும்னா கிளம்பறதுக்கு முன்னாடி காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்க. மூக்கடைப்பைத் திறக்கும் ஸ்ப்ரேயை விமானம் இறங்க ஆரம்பிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டுக்கச் சொல்லுவாங்க. வலி வந்த பிறகு போட்டா அடைச்ச வாசலுக்குள்ள மருந்து போகாது, அதனால நேரம்தான் முக்கியம். அதையே நாள் கணக்கா தொடர்ந்து போட்டா மூக்கு பழகிப்போய் அடைப்பு அதிகமாகும். பி.பி., இதய நோய் இருக்கறவங்க டாக்டரைக் கேட்காம மூக்கடைப்பு மாத்திரை எதையும் போட்டுக்காதீங்க. இறங்கும்போது தூங்காதீங்க, தூங்கறவங்க முழுங்கறது குறைவு. அது காதுக்காக. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழு பலத்தோட ஊதாதீங்க. வலி ரெண்டு மூணு நாள் விடாம இருந்தாலோ, ஜுரம், கண்ணைச் சுத்தி வீக்கம், பார்வையில மாற்றம் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

அப்புறம் அந்த மேனேஜர் கேள்வி. "சளிக்கெல்லாமா லீவு?"ன்னு யாராவது கேட்டா, போர் நடக்கும்போதே விமானப்படைக்காரன் சளிக்கு லீவு கொடுத்திருக்கான்னு சொல்லுங்க. ஒரகடத்து அசெம்பிளி லைன் அதைவிட அவசரம்னு அவர் சொன்னார்னா, வல்லக்கோட்டை முருகன்தான் காப்பாத்தணும் :-)