யூபாரி

யூபாரி என்பது ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், சப்போரோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் மலைகளுக்கு இடையே அமைந்துள்ள ஒரு நகரமாகும். முன்னர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்த இந்நகரம், 2007 இல் நிதி நொடிப்புக்கு உள்ளாகி நடுவண் அரசின் மேற்பார்வையின் கீழ் வந்தது. 1960 இல் 1,16,000 ஐத் தாண்டியிருந்த இதன் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி 7,334 ஆகும்.

சுரங்கக் காலம்

1888 இல் இங்கு நிலக்கரிப் படுகை கண்டறியப்பட்டது. 1890 இல் சுரங்கப் பணி தொடங்கியது. தொழிலாளர்களுக்கான வீடு, மருத்துவமனை, குடிநீர் ஆகியவற்றைச் சுரங்க நிறுவனங்களே வழங்கின. 1943 இல் யூபாரி நகரத் தகுதி பெற்றது. 1960களில் ஜப்பான் பெட்ரோலியத்துக்கு மாறியதாலும், மலிவான இறக்குமதி நிலக்கரியின் போட்டியாலும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1981 அக்டோபர் 16 அன்று யூபாரி புதிய சுரங்கத்தில் எரிவளி வெளிப்பட்டுத் தீப்பற்றியதில் 93 பேர் உயிரிழந்தனர். உள்ளே சிக்கியோர் அனைவரும் மீட்கப்படும் முன்னரே, தீயை அணைப்பதற்காகச் சுரங்கத்துக்குள் நீர் செலுத்தப்பட்டது. கடைசிச் சுரங்கம் 1990 இல் மூடப்பட்டது.

சுற்றுலா முயற்சியும் நிதி நொடிப்பும்

நிறுவனங்கள் விட்டுச்சென்ற வீடுகளையும் மருத்துவமனையையும் நகராட்சி ஏற்க நேர்ந்தது. அத்துடன் நிலக்கரி அருங்காட்சியகம், கேளிக்கைப் பூங்கா, பனிச்சறுக்குத் திடல், விடுதிகள் எனச் சுற்றுலாவிலும் பெருமளவு முதலீடு செய்தது. எதிர்பார்த்த வருவாய் கிடைக்கவில்லை. நிலக்கரிப் பகுதிகளுக்கான அரசு உதவியும் 2001 இல் முடிவுற்றது. பற்றாக்குறை, குறுகியகாலக் கடன்களைக் கொண்டு ஆண்டுதோறும் கணக்கில் மறைக்கப்பட்டு வந்தது 2006 இல் வெளிப்பட்டது. 3,530 கோடி யென்னை 18 ஆண்டுகளில் அடைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. வரிகளும் கட்டணங்களும் உயர்ந்தன. 171 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 19 படுக்கைகளுடைய மருந்தகமாகச் சுருங்கியது. தொடக்கப் பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன.

பண்பாடு

யோஜி யமாடா இயக்கிய 'மகிழ்ச்சியின் மஞ்சள் கைக்குட்டை' (1977) திரைப்படத்தின் இறுதிக்காட்சி இங்கு படமாக்கப்பட்டது. 1990 இல் தொடங்கிய பன்னாட்டுத் திரைப்பட விழா, நகராட்சி நிதியுதவியை நிறுத்தியபின், 2008 இல் குடிமக்கள் முயற்சியால் மீண்டும் நடைபெற்றது. 'பூசாய்' என்னும் ஜப்பானிய ஒலிப்புக்குக் கடன், கணவன்-மனைவி என இரு பொருள் உண்டு. இச்சிலேடையைக் கொண்டு உருவாக்கப்பட்ட 'யூபாரி பூசாய்' என்னும் கேலிச்சித்திரத் தம்பதியர் நகரின் விளம்பரச் சின்னமாயினர்.

இன்றைய பொருளாதாரம்

யூபாரியின் பெயரை இன்று நிலைநிறுத்துவது முலாம்பழமே ஆகும். செம்மஞ்சள் நிறச் சதை கொண்ட 'யூபாரி கிங்' வகையை உள்ளூர் உழவர்கள் 1960களின் தொடக்கத்திலிருந்து பயிரிட்டு வருகின்றனர். 2019 இல் இவ்வகைப் பழங்கள் இரண்டு 50 இலட்சம் யென்னுக்கு ஏலம் போயின. 2011 இல் தமது 30 ஆவது வயதில் நகரத் தலைவரான நவோமிச்சி சுசுக்கி, வளர்ச்சிக்குப் பதிலாகத் திட்டமிட்ட சுருக்கத்தை முன்வைத்தார். இதன்படி, சிதறிக் கிடந்த குடியிருப்புகளிலிருந்து மக்கள் மையப் பகுதிக்கு இடம்பெயர ஊக்குவிக்கப்பட்டனர். பேருந்துச் சேவைக்கான உதவியைப் பெற்றுக்கொண்டு, யூபாரி கிளைத் தொடருந்துப் பாதையை மூட நகரமே முன்வந்தது. அப்பாதை 2019 ஏப்ரல் 1 அன்று மூடப்பட்டது. மக்கள்தொகை குறையும் பிற ஜப்பானிய ஊர்களுக்கு யூபாரி ஓர் எச்சரிக்கையாகவும் முன்னோடியாகவும் கருதப்படுகிறது.