பங்குனி அறுப்பு

என் தாத்தாவுக்கு டைபாய்டு வந்ததே இல்லை. ஆச்சி இதைச் சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது. அதுவரை அந்தக் காய்ச்சல் எங்கள் குடும்ப வரலாற்றில் ஒரு பெரிய சம்பவம். காய்ச்சலால் 1967-ல் தாத்தா ராணுவ ரிசர்வ் பயிற்சிக்குப் போக முடியவில்லை. போகாததால் ரிசர்விலிருந்து பேரை அடித்தார்கள். பேரை அடித்ததால் பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லாததால் அப்பா பத்தாவதோடு படிப்பை நிறுத்தினார். எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்தின் நூலைப் பிடித்து இழுத்தாலும் அந்தக் காய்ச்சலில் போய்த்தான் முடியும்.

"காச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள் ஆச்சி. "அண்ணா ஜெயிச்ச வருசம். வயல்ல கதிரு சாஞ்சு கெடக்கு. அந்நேரம் பாத்து லெட்டர் வருது. ஒங்க தாத்தா போவல. அம்புட்டுத்தான்."

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர். தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசானத்து அறுப்பு மாசி பங்குனியில் வரும். தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. குத்தகை, அதுவும் வாய்க்குத்தகை.

அவர் விண்ணப்பங்களை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1992 நவம்பர் 13-ல் ஆறு பெருகி ஊருக்குள் வந்தபோது பெட்டி போய்விட்டது. ஆச்சி அரிசிப் பானைக்குள் வைத்திருந்த டிஸ்சார்ஜ் புத்தகமும், ஒரே ஒரு அப்பீலின் கார்பன் நகலும் மட்டும் மிஞ்சின. புத்தகத்தில் மொத்தச் சேவை 14 வருடம் 4 மாதம். நீக்கியதற்கான காரணமாக ஒரே வரி, பயிற்சிக்கு வரத் தவறினார் என்று. ஏன் தவறினார் என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

அந்த ஒற்றை வரி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனவன்தான், இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

முதலில் ரிசர்வ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அக்னிபத் தெரியும், இது தெரியாது. தாத்தா 1953 ஜனவரியில் சேர்ந்தார். அவருடைய ஒப்பந்தம் ஏழு வருடம் பட்டாளம், எட்டு வருடம் ரிசர்வ். ஏழு வருடம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். உழலாம், கடை வைக்கலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். ஆனால் பேர் ராணுவத்தின் ஏட்டில் இருக்கும். யுத்தம் வந்தால் போகவேண்டும். நடுவில் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் போகவேண்டும். அதற்காக மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். பட்டாளமும் ரிசர்வும் சேர்ந்து 15 வருடம் முடிந்தால்தான் ரிசர்விஸ்ட் பென்ஷன். 1961-ன் ராணுவ ஓய்வூதிய விதிகள் சொல்வது இது. 14 வருடம் 4 மாதம் என்றால் எட்டு மாதம் குறைகிறது.

1962-ல் சீன யுத்தத்துக்குக் கூப்பிட்டபோது தாத்தா மறுநாளே ரயில் ஏறியிருக்கிறார். போய்த் திரும்பி வந்தவர். யுத்தத்துக்குப் போனவரைப் பயிற்சிக்கு வரவில்லை என்று நீக்கிவிட்டார்களே என்பதுதான் அப்பாவின் தீராத ஆத்திரம்.

இந்த ஏற்பாடு ஆங்கிலேயர் செய்தது. முழுநேரச் சிப்பாயை வைத்துச் சோறு போடுவதைவிட, பழகிய சிப்பாயை ஊரில் விட்டுவைத்து வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வது மலிவு. 1886 வாக்கில் தொடங்கி, 1888-ல் இந்திய ரிசர்வ் படைகள் சட்டம் என்று ஒன்றைப் போட்டார்கள். மிகச் சின்னச் சட்டம், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். சுதந்திரத்துக்குப் பிறகும் அது அப்படியே தொடர்ந்தது. தாத்தாவைக் கட்டியதும் அதுதான்.

அதன் ஆறாவது பிரிவை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. ரிசர்வில் உள்ளவர், வரச்சொன்ன இடத்துக்கு, நியாயமான காரணமில்லாமல் வரத் தவறினால் குற்றம். ராணுவ நீதிமன்றமும் விசாரிக்கலாம், ஊர் மாஜிஸ்திரேட்டும் விசாரிக்கலாம். 'நியாயமான காரணம்' என்று போட்டிருக்கிறதே, பரவாயில்லை என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்சம் கீழே வந்தால் இன்னொன்று இருக்கிறது. இன்னார் வரவில்லை என்று அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டதாகத் தோன்றும் சான்றிதழ் போதும், அதுவே சாட்சியம். அந்தக் கையெழுத்து அவருடையதுதானா, அவர் அந்தப் பதவியில்தான் இருந்தாரா என்றுகூட நிரூபிக்க வேண்டியதில்லை.

அதாவது 'வரவில்லை' என்கிற தாள் தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும். 'ஏன் வரவில்லை' என்கிற தாளைத்தான் மருத்துவர், கிராம முன்சீப், தபால் முத்திரை என்று ஒவ்வொரு படியாக ஏறி நிரூபிக்கவேண்டும்.

நெல்லைச் சீமைக்கு இது புதிதில்லை. வரச்சொன்னபோது வரவில்லை என்கிற குற்றச்சாட்டில்தான் இந்த மண்ணின் ஆகப் பெரிய கதையே ஓடுகிறது. பாளையக்காரர்களையே ஒருவகையில் ரிசர்வ் படை என்று சொல்லலாம். மதுரை நாயக்கர் ஏற்பாட்டில் அவரவர் பாளையத்தில் இருந்துகொண்டு, ஆள் வைத்துப் பழக்கி, மேலிடம் கூப்பிட்டால் படையோடு போய் நிற்கவேண்டும். கம்பெனி வந்தபிறகு படை வேண்டாம், கிஸ்தி போதும் என்றாகிவிட்டது. கூப்பிட்டால் வந்து நிற்கவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

1798 ஆகஸ்டில் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை இராமநாதபுரத்தில் வந்து பார்க்கச் சொல்லி உத்தரவு அனுப்பினார். அனுப்பிவிட்டு அவர் பாட்டுக்குக் குற்றாலம், சொக்கம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று முகாம் மாற்றிக்கொண்டே போனார். கட்டபொம்மன் பின்னாலேயே போகிறார். போகிற இடத்திலெல்லாம் பார்க்க முடியாது என்று பதில். இருபத்து மூன்று நாள், சுமார் 400 மைல். செப்டம்பர் 10-ல் இராமநாதபுரத்தில் ஒருவழியாகச் சந்திப்பு, அதுவும் நிற்கவைத்து. கணக்கைப் பார்த்தால் பாக்கி 1,080 பகோடாதான். கோட்டை வாசலில் கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் செத்தார், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

சினிமாவில் பார்த்ததுதானே என்பீர்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கட்டபொம்மன் சென்னைக்கு அப்பீல் செய்தார். ஆமாம், மனு எழுதி முறையிட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ் வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் மூவரையும் போட்டு விசாரித்தார். கட்டபொம்மன் நேரில் போய்ப் பதில் சொன்னார். கமிட்டி அவரைக் குற்றமில்லை என்றது. தானாபதியை விட்டார்கள். ஜாக்சனின் வேலை போய், லூஷிங்டன் வந்தார்.

ஏன் ஜெயித்தது அந்த அப்பீல்? வரவில்லை என்பதற்கு எதிரே, நான் வந்துகொண்டேதான் இருந்தேன், நீ நகர்ந்துகொண்டே இருந்தாய் என்று காட்ட முடிந்தது. நாள், ஊர், தூரம் எல்லாம் கைவசம் இருந்தன. ஜாக்சனுக்கு மேலே, அவர்மேல் முழு நம்பிக்கை இல்லாத ஒரு இடமும் இருந்தது. மறுவருடம் அந்த இடம் இல்லை. 1799 செப்டம்பர் 1-ல் மேஜர் பானர்மேன் பாளையங்கோட்டைக்கு வரச்சொன்னார். கட்டபொம்மன் மழுப்பலாகப் பதில் அனுப்பினார். செப்டம்பர் 5-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முற்றுகையானது. அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் அவர்மேல் சுமத்திய குற்றங்களில், அழைத்தபோது வராததும் ஒன்று. அங்கே அப்பீல் கிடையாது, கயிறுதான்.

இப்போது நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் தகவல் தொடர்பு நிலையம் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளைக் கூப்பிடுவதற்கான இடம். 1990-ல் திறந்தபோது அதற்கு வைத்த பெயர் ஐஎன்எஸ் கட்டபொம்மன். கூப்பிட்டபோது வராதவர் பெயரைக் கூப்பிடுகிற நிலையத்துக்கு வைத்ததை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொள்வதுண்டு.

கடற்படையிலும் ரிசர்வ் இருந்தது. பத்து வருடம் கப்பல், பத்து வருடம் ஃப்ளீட் ரிசர்வ் என்பது ஏற்பாடு. 1976 ஜூலை 3-ல் அரசு ஒரு கடிதம் போட்டு, இனி யாரையும் ஃப்ளீட் ரிசர்வுக்கு எடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டது. பத்து வருடம் முடித்து வெளியே வந்தவர்களுக்கு ரிசர்வும் இல்லை, பென்ஷனும் இல்லை. வரவில்லை என்று தாத்தாவை நீக்கினார்கள், இவர்களைக் கூப்பிடவே இல்லை. டி.எஸ். தாஸ் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம்வரை போய் 2016 அக்டோபரில்தான் தீர்ப்பு. ரிசர்வில் ஒருநாள்கூட இல்லாதவருக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் கிடையாது என்று கோர்ட் சொன்னது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே சேர்ந்து, தானாக விலகிக்கொள்ளாமல், அரசின் முடிவால் மட்டுமே ரிசர்வுக்குப் போகமுடியாமல் போனவருக்குச் சிறப்பு ஓய்வூதியம் உண்டு என்றது. போகாததுக்கும் போகமுடியாததுக்கும் உள்ள வித்தியாசம் தீர்ப்பில் ஏற நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

அமெரிக்காவில் இதையெல்லாம் எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே ராணுவ ரிசர்வில் ஒரு வருடத்துக்குள் ஒன்பது பயிற்சி அமர்வுகளைக் காரணமில்லாமல் தவறவிட்டால் ஒழுங்காகப் பங்கேற்காதவர் என்று முத்திரை விழும். ஒரு சனி ஞாயிறிலேயே நான்கு அமர்வு வந்துவிடும். ஆக இரண்டு வார இறுதியும் ஒரு அரை நாளும் போதும். ஆனால் டிஸ்சார்ஜை மறுபரிசீலனை செய்ய ஒரு வாரியம் இருக்கிறது, 15 வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். அதற்கும் மேலே ஆவணங்களைத் திருத்தும் வாரியம். இங்கே ராணுவத்தினருக்கென்று தீர்ப்பாயம் அமைக்கும் சட்டம் வந்தது 2007-ல். சென்னையில் ஒரு கிளை இருக்கிறது. தாத்தா 1996-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பென்ஷனுக்குக் குறைகிற சேவையை மன்னிக்கும் வழி அப்போதே உண்டு, ஆறு மாதம்வரை. 2001 ஆகஸ்டில் அதைப் பன்னிரண்டு மாதமாக உயர்த்தினார்கள். தாத்தாவுக்குக் குறைந்தது எட்டு.

இனி அந்தக் கார்பன் நகலுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது. யாரோ மனு எழுதுகிறவர் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். டைபாய்டு காய்ச்சலால் இருபத்தெட்டு நாள் படுக்கையில் கிடந்ததாகவும், மருத்துவச் சான்றிதழை இணைத்திருப்பதாகவும், 1962-ல் உடனே வந்ததைக் கருணையோடு கருதவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பதில் வந்ததை அப்பா பார்த்திருக்கிறார். சான்றிதழின் தேதியும் காய்ச்சலின் தேதியும் பொருந்தவில்லை, நிராகரிக்கப்படுகிறது. பொருந்தாதுதான். சான்றிதழை வாங்கியது அடுத்த வருடம்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டார் என்று முதலில் எனக்குக் கோபமே வந்தது. உண்மையை எழுதியிருக்கலாமே? அப்புறம் அந்த உண்மையை நானே ஒரு மனுவாக எழுதிப் பார்த்தேன்.

1955-ல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம்தான் தாத்தா மாதிரி ஆட்களை நிலத்திலிருந்து சும்மா இறக்கிவிடாமல் காத்தது. அதில் சாகுபடிக் குத்தகைதாரர் யார் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தார் உடலுழைப்பையோ நிலத்தில் செலுத்துகிறவர். சரி, தாத்தா போயிருந்தால் குடும்பத்தில் யார் வயலில் இறங்கியிருப்பார்கள்? ஆச்சிக்கு எட்டாம் மாதம், வயிற்றில் அப்பா. குத்தகைக்குத் தாளே கிடையாது. குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் இந்த வயலை நான்தான் பயிரிடுகிறேன் என்பதற்கு ஒரே சாட்சி, அறுப்பு நாளில் அரிவாளோடு களத்தில் நிற்கிற ஆள்தான். அன்றைக்கு நிற்காவிட்டால் நிலக்காரர் வேறு ஆளை இறக்குவார். பிறகு கோர்ட்டில் போய்ச் சொன்னால், நீ எங்கே பயிரிட்டாய் என்பார்கள்.

ஒரு சட்டம் நீ இங்கே இருந்தால்தான் உனக்கு உரிமை என்றது, இன்னொரு சட்டம் நீ அங்கே வந்தால்தான் என்றது. இரண்டும் ஒரே பங்குனியில். இதை எழுதி, 'நியாயமான காரணம்' என்று மேலே ஒரு தலைப்பும் போட்டு அனுப்பியிருந்தால், ஏதோ ஒரு ரெக்கார்டு ஆபீசில் இதைப் படித்துத் தலையாட்ட ஆள் இருந்திருக்குமா? காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் புரியும். மனு எழுதினவருக்கு அது தெரிந்திருக்கிறது.

ஆச்சியிடம் கேட்டேன். "அறுப்புக்காவப் போவலன்னு எழுதியிருக்கலாம்லா ஆச்சி?"

"நானும் சொன்னேன். அப்படி எழுதுனா சிரிப்பான் ட்டீ ன்னாவ. ஒலகத்துலயே ஒனக்கு மட்டுந்தான் அறுப்பான்னு கேப்பான்னாவ."

"அந்தத் தடவை எத்தனை கோட்டை கண்டுச்சு?"

ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, யோசிப்பாள் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை.

"பன்னெண்டு கோட்டை. குத்தகை அளந்தது போவ நமக்கு அஞ்சு."