எட்டாவது பிட்டில் இருந்த தமிழ்



கிரிவலப் பாதையில் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: “சார், கம்ப்யூட்டர் வந்த புதிதில் தமிழை ஏன் ஆங்கில எழுத்தில் தட்டினார்கள்?” சோம்பல் என்று நானும் அப்போது திட்டியவன்தான். காரணம் வேறு.

1985இல் அமெரிக்காவின் டூசான் நகர ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் டி.என்.சி-2 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். கணினியின் எழுத்தை வானொலி வழியே அனுப்பும் பெட்டி. திரை ஒழுங்காகத் தெரியச் சில கட்டளைகள் உண்டு. ‘ஸ்க்ரீன்லென்’ வரியின் நீளம், 80 எழுத்து. ‘எக்கோ’ பெட்டியிலும் கணினியிலும் சேர்ந்து இயங்கினால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை விழும். ‘ஏ.டபிள்யூ.லென்’ ஓர் எழுத்துக்கு எத்தனை பிட் என்பது. பெட்டி வரும்போதே அது 7.

கணக்குப் போடுங்கள். 7 பிட்டுக்கு 128 குறிகள்; ஆங்கிலத்துக்குப் போதும். 8 பிட்டுக்கு 256. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற ‘டாப்’ குறியீடு, கீழ்ப்பாதியில் ஆங்கிலத்தையும் மேல்பாதியில் தமிழையும் வைத்தது. எட்டாவது பிட் வெட்டுப்பட்டால் தமிழ் முழுதும் அர்த்தமற்ற ஆங்கிலக் குறிகளாகிவிடும். அமைப்பை 8 ஆக்கலாம். ஆனால் எதிர்முனையிலும் மாற்ற வேண்டும், அதே எழுத்துருவும் வேண்டும். ஆங்கில எழுத்து மட்டுமே எங்கும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

அன்று திட்டியதற்கு மன்னியுங்கள். இன்று யூனிகோடு உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. இனி யாராவது தங்கிலீஷில் பதில் போட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்!