தெருவோரத்தின் சொந்தக்காரர்கள்

‘ஓரமாப் போ’ என்பதுதான் தமிழ்ச் சாலையின் எழுதப்படாத முதல் சட்டம். பஸ் டிரைவர் சைக்கிள்காரனுக்குச் சொல்வது. சைக்கிள்காரன் நடப்பவனுக்குச் சொல்வது. தெருவின் நடு வலியவனுக்கு, ஓரம் எளியவனுக்கு என்கிற பாகப்பிரிவினை அதில் அடங்கியிருக்கிறது. அநியாயமான பாகப்பிரிவினைதான். ஆனாலும் ஒரு பாகம் இருந்தது. அந்தப் பாகமும் பறிபோன கதை ஐம்பது ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. அதை யாரும் வரலாறாக எழுதவில்லை என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. நம் வட்டத்தில் இதை ஒரு பிரச்னையாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும். கவிதையில் தெரு வரலாம், தனிமையின் படிமமாக. தெருவில் யார் எதை நிறுத்தியிருக்கிறான் என்பது முனிசிபாலிடி விவகாரம்.

காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு வேலைநாள் காலை பத்தரை மணிக்குச் சைக்கிளில் போகிறவன் ஓரமாகப் போக முடியாது. இருபுறமும் வண்டிகள் நிற்கின்றன. நிற்கிற வண்டிகளை ஒட்டிப் போனால் திடீரென்று திறக்கும் கார்க் கதவு. விலகிப் போனால் பின்னால் ஹாரன். ஓடுகிற மோட்டாருக்குப் பயந்து ஓரம் போனவனை நிற்கிற மோட்டார் நடுவுக்குத் தள்ளிவிட்டது. தெருவில் சைக்கிள் குறைந்ததற்கு வசதி பெருகியதைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி இந்த ஓரத்தில் இருக்கிறது.

சைக்கிளை நம் ஊர்கள் ஒரு காலத்தில் எவ்வளவு கறாராக நடத்தின என்பதை நினைத்துப் பார்க்கலாம். தமிழ் ஊர்களில் முனிசிபாலிடிகள் அதற்கு ஆண்டு வரி போட்டன. வரி கட்டியதற்குத் தகட்டு வில்லை கொடுத்தன. வில்லை இல்லாத வண்டியைப் பிடித்தன. இரவில் விளக்கில்லாமல் போனால் குற்றம், பின்னால் ஆள் ஏற்றினால் குற்றம். சினிமாக் கொட்டகையில் சைக்கிள் நிறுத்தக் காசு, பஸ் நிலையத்தில் நிறுத்தக் காசு. ஆக, நிற்பதற்கு வாடகை உண்டு என்கிற கருத்து நமக்கு மேற்கிலிருந்து வந்த புதுமை அல்ல. சைக்கிள் சக்கரத்துக்கு டோக்கன் கட்டி அனுப்பிய அதே ஊர்கள்தாம், கார் வந்தபோது தெருவையே டோக்கன் இல்லாத ஸ்டாண்டாக விட்டுக்கொடுத்தன. ஏழை நிறுத்தினால் கட்டணம், பணக்காரன் நிறுத்தினால் உரிமை. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள்கள் தாராளமாக நிற்கும் என்ற கணக்கு யாருக்கும் தெரியாததல்ல.

மாறுதல் எப்போது தொடங்கியது? 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையில் ஆரம்பிக்கப்பட்டது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் சைக்கிள்தான் கீழ் நடுத்தர வர்க்கத்தின் வாகனம். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் நூறு சி.சி. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பாண்டிச்சேரிப் பிரதேசமாகிய நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி வரியிலும் பெட்ரோல் வரியிலும் தமிழ்நாட்டுக்கும் நமக்கும் நெடுங்காலம் இருந்துவந்த வித்தியாசம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லைக்கோடு சுங்கச்சாவடியாக இல்லாமல் போன பிறகு பெட்ரோல் பங்க்காக மிஞ்சியது. பி.ஒய். 02 என்று எண் போட்ட வண்டிகள் நம் சந்துகளுக்குள் வந்து நின்றன. வங்கியில் வாகனக் கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பவன் என்கிற முறையில் ஒன்று சொல்லலாம்: சம்பளம் கேட்கிறோம், ஜாமீன் கேட்கிறோம், வண்டி இரவில் எங்கே நிற்கும் என்று கேட்பதில்லை. ஜப்பானில் 1962லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்டாமல் அங்கே கார் பதிய முடியாது.

ஓரத்தை மீட்க நடந்த முயற்சிகளில் ஹாலந்து கதை நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருவதுதான், ஆனால் தவறாக வருகிறது. டச்சுக்காரன் பிறவியிலேயே சைக்கிள்காரன் என்பது போல. 1950, 60களில் அங்கேயும் கால்வாய்க் கரைகளெல்லாம் கார்தான். 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் செத்தவர்கள் சுமார் 3300 பேர். அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் எழுந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்து சர்க்காரின் காதைத் திறந்தது. குரோனிங்கன் நகரசபை 1977 செப்டம்பர் 19இல் நகர மையத்தை நான்கு துண்டாக்கிற்று. ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது, சுற்றுச் சாலைக்கு வெளியே வந்து திரும்ப வேண்டும். சைக்கிளில் நேராகப் போகலாம். கடைக்காரர்கள் கொதித்தார்கள். முடிவு எடுத்தவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த இளம் நகரசபைக்காரர்கள். அடுத்த தேர்தலில் அவர்கள் ஜனங்கள் முன் நிற்க வேண்டியிருந்தது. இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

நம் பக்கத்து உதாரணங்கள் கலவையானவை. டில்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ்ஸுக்குத் தனி வழியும் சைக்கிளுக்குத் தனி வழியும் போட்டார்கள். கார்க்காரர்களின் கோபம் உயர்நீதிமன்றம் வரை போய், அங்கே 2012இல் தோற்றது; ஆனாலும் அடுத்து வந்த அரசு 2016இல் அதை இடித்தேவிட்டது. பெங்களூர் ஜெயநகரில் 2012–13 வாக்கில் சைக்கிள் பாதை குறித்தார்கள். அந்தக் கோடுகளுக்குள் கார்கள் ஒழுங்காக நின்றன. வர்ணம் ஓரத்தைக் காக்காது, கல் வேண்டும் என்பதை அந்தத் தெரு நிரூபித்தது.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். அதன் பெரிய காட்சி 2019 நவம்பரில் தி. நகர் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம். கடைவாசலில் சாய்ந்து நின்ற கார்களின் இடம் நடப்பவர்களுக்குப் போயிற்று. வியாபாரம் போய்விடும் என்று பயந்த கடைக்காரர்கள் பயந்தபடி ஒழிந்துபோகவில்லை. இதை வரவேற்கிறேன். ஆனால் இந்த வரலாற்றில் முந்தைய அத்தியாயம் ஒன்று உண்டு. பாண்டி பஜாரின் ஓரம் பல பத்தாண்டுகள் பிளாட்பார வியாபாரிகளிடம் இருந்தது. 2013இல் அவர்களை ஒரு கட்டடத்துக்குள் ஏற்றினார்கள். ஓரத்தை முதலில் ஏழையிடமிருந்து மீட்டு, ஆறு ஆண்டு கழித்துக் காரிடமிருந்து மீட்டார்கள். இந்த வரிசையைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ‘அழகிய நகரம்’ என்கிற பிரக்ஞைக்குச் சைக்கிள்காரனும் ஒரு நாள் அசிங்கமாகத் தெரியக் கூடும். பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலையை மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு மூடுகிறார்கள், யாரும் ஆட்சேபிப்பதில்லை. அது உலாவுகிறவர்களின் ஓரம். வேலைக்குப் போகிறவனின் ஓரத்துக்கு அவ்வளவு சுலபமாகக் கதவு திறப்பதில்லை.

வேலைக்குப் போகிறவன் என்று ஆண்பாலில் எழுதிவிட்டேன். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். குவாரியில் கல் உடைக்கும் பெண்கள், பால்வாடிப் பணியாளர்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பின்னர் 2001 முதல் தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பெண்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு விரித்துக்கொண்டே போயிற்று. சைக்கிளைக் கொடுக்கும் சர்க்காருக்கு அது ஓட வேண்டிய மூன்றடி அகலத்தைக் கொடுக்கத் தோன்றவில்லை. பொருளைத் தானம் செய்யலாம், அதில் படம் ஒட்டலாம். இடத்தைக் கொடுப்பதென்றால் அதை வேறொருவனிடமிருந்து எடுக்க வேண்டும்.

எடுப்பதற்கு அதிகாரம் யாரிடம் என்ற கேள்வியில் காரைக்கால் தனித்து நிற்கிறது. 1739இல் தஞ்சை மன்னனிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற ஊர் இது. 1880இல் இந்தப் பிரதேசங்களுக்குக் கம்யூன் முறை வந்தது. மேயர், தேர்தல் எல்லாம். வாக்காளரை இனவாரியாகப் பிரித்து, அடியாள் வைத்து நடந்த தேர்தல்கள்தாம், ரொமான்டிக்காக நினைவுகூர ஒன்றுமில்லை. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்தது 2006இல். நடுவில் முப்பத்தெட்டு ஆண்டுகள்! டி.வி.எஸ். 50 வந்து, நூறு சி.சி. வந்து, மாருதி வந்து, ஓரம் முழுதும் கைமாறிய காலம் சரியாக அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குள் அடங்குகிறது. தெருவைப் பற்றிக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலம். 2006இல் வந்த சபையின் ஆயுள் 2011இல் முடிந்தது, மறுபடி அதிகாரிகள். 2021இல் அறிவித்த தேர்தல் நடக்காமல் நின்றுபோயிற்று. குரோனிங்கன் இளைஞர்கள் கடைக்காரர்களின் கோபத்தைத் தாங்கியதற்குக் காரணம் அவர்கள் வீரர்கள் என்பதல்ல, அவர்களுக்கு வோட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள் என்பதுதான். கமிஷனருக்குக் கோபத்தைத் தாங்க வேண்டிய அவசியம் இல்லை, மாற்றல் உத்தரவு இருக்கிறது. அவர் செய்யக்கூடியது ஆக்கிரமிப்பு அகற்றல். அதில் அகற்றப்படுவது பூக்காரியின் கூடை.

ஓரத்தைக் காலி செய்வது இங்கே அசாத்தியம் என்றும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆனியில், மாங்கனித் திருவிழா அன்று பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது தெரு காலியாகிறது. வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் எறிய, கீழே ஏந்திக்கொள்கிறது கூட்டம். அன்றைக்கு வண்டிகள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. எங்கோ போகின்றன. கயிலைக்குத் தலையாலே நடந்து போனவளின் ஊரில் காலால் நடப்பதற்கு ஒரு நாள் கிடைக்கிறது.

காரைக்காலில் பல வீடுகளுக்கு ஒரு கால் பிரான்சில் இருக்கிறது. பாரிசிலிருந்து வருகிற உறவினர்கள் அங்கே கார் நிறுத்த முடியாமல் படும் பாட்டைச் சொல்கிறார்கள். வாஸ்தவம்தான். பாம்பிடு காலத்தில் சேன் நதிக்கரையில் 1967இல் போட்ட விரைவுச் சாலையை 2016இல் மூடி நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். மேயர் இதால்கோ 2020 மே மாதத்தில் ரிவோலித் தெருவைப் பெரும்பாலும் சைக்கிளுக்கு ஒதுக்கினார். 2025 மார்ச்சில், இன்னும் ஐந்நூறு தெருக்களைக் காரிடமிருந்து எடுப்பதா என்று நகரத்தாரிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றில் இரு பங்கு ஆதரவு. வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர். எதிர்த்தவர்கள் இந்த நாலைச் சொல்லித்தான் கேலி செய்தார்கள். கேலி நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் பாரதியார் சாலை ஓரத்தைப் பற்றி அந்த நாலு பேரிடமும் இதுவரை யாரும் கேட்டதில்லை.