அரச குடும்பத்தின் உடல்நலமும் வதந்திகளும்: திருவிதாங்கூர் முதல் லண்டன் வரை

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பாக, பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகின்றன. களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கும் இந்த ஊர்வலம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் தலைநகரை அடைகிறது. மன்னராட்சி முடிந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும், ஒற்றசேகரமங்கலம் உள்ளிட்ட நெய்யாற்றுப் படுகை ஊர்களுக்கும் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கும் உள்ள பிணைப்பை அது நினைவூட்டுகிறது.

இந்த எல்லையோர மக்களுக்கு அரச குடும்பத்தின் உடல்நலம் ஒரு காலத்தில் வெறும் ஆர்வத்துக்குரிய செய்தியாக இருந்ததில்லை. அரண்மனையில் ஒருவர் நோயுற்றால் நாட்டின் எதிர்காலமே கேள்விக்குள்ளாகும் நிலை இருந்தது. அதிகாரபூர்வத் தகவல் கிடைக்காதபோது அந்த இடத்தை வதந்தி நிரப்பியது.

உடல்நலம் ஏன் அரசியலானது?

திருவிதாங்கூரில் மருமக்கத்தாய முறைப்படியே அரசுரிமை சென்றது. மன்னருக்குப் பின் அவருடைய மகனுக்கு அல்ல, சகோதரியின் மகனுக்கே அரியணை உரியது. எனவே ஆற்றிங்ஙல் ராணிகள் என அழைக்கப்பட்ட அரச குலப் பெண்களின் உடல்நலமும் மகப்பேறும் ஆட்சியின் தொடர்ச்சியைத் தீர்மானித்தன. பெண் வாரிசு இல்லாதபோது பிற கிளைக் குடும்பங்களிலிருந்து தத்தெடுப்பதே வழியாக இருந்தது. 1857, 1900 ஆகிய ஆண்டுகளில் மாவேலிக்கரைக் கிளையிலிருந்து இளவரசிகள் தத்தெடுக்கப்பட்டனர்.

1810-ஆம் ஆண்டு நவம்பரில் மன்னர் பாலராம வர்மா இறந்தபோது, நேரடி ஆண் வாரிசு இல்லை. மாவேலிக்கரையைச் சேர்ந்த கேரள வர்மா உரிமை கோரினார். ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ, ராணி கௌரி லட்சுமி பாயின் உரிமையை ஏற்றார். கேரள வர்மா நாட்டைவிட்டு அகற்றப்பட்டார்.

1813 ஏப்ரல் 16 அன்று ராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கருவிலேயே அரசுரிமை பெற்றவர் என்ற பொருளில் ‘கர்ப்ப ஸ்ரீமான்’ எனப் போற்றப்பட்ட சுவாதித் திருநாள்தான் அந்தக் குழந்தை. இரயிம்மன் தம்பியின் புகழ்பெற்ற தாலாட்டான ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ அவருக்காகவே இயற்றப்பட்டது. ஆனால் இரண்டாவது ஆண் குழந்தை பிறந்த சில மாதங்களில், 1815-இல் ராணி இளம் வயதிலேயே இறந்தார். பதின்பருவத் தொடக்கத்தில் இருந்த அவருடைய தங்கை கௌரி பார்வதி பாய் 1829 வரை நாட்டை ஆண்டார்.

வாரிசின்மை என்ற அச்சம் கற்பனையானதல்ல. 1855-இல் தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், அந்த அரசு முடிவுக்கு வந்ததாகக் கிழக்கிந்தியக் கம்பெனி அறிவித்தது. திருவிதாங்கூருக்குத் தத்தெடுப்பு உரிமையை உறுதி செய்யும் சாசனம் 1862-இல்தான் கிடைத்தது.

சுவாதித் திருநாள்: அடங்காத பேச்சு

இசை மேதையாக அறியப்படும் சுவாதித் திருநாள், 1846 டிசம்பரில் 33-ஆவது வயதில் இறந்தார். அவருடைய இறுதி ஆண்டுகளில் ரெசிடென்ட் ஜெனரல் கல்லனின் தலையீடு நிர்வாகத்தில் அதிகரித்தது. மன்னர் மனம் சோர்ந்து தனிமையை நாடினார் என வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

இவ்வளவு இளம் வயதில் மன்னர் ஏன் இறந்தார் என்ற கேள்விக்கு மக்கள் பல விடைகளைத் தாங்களே உருவாக்கிக்கொண்டனர். தஞ்சாவூரிலிருந்து வந்த நடனப் பெண் ஒருவருடன் தொடர்புபடுத்தும் கதை அவற்றுள் ஒன்று. இக்கதைக்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும் ஏறத்தாழ 180 ஆண்டுகளாக அது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது.

அரண்மனை வழக்கும் இந்த மௌனத்துக்கு உதவியது. திருவிதாங்கூர் மன்னர் இறந்தால் ‘இறந்தார்’ என்று சொல்வதில்லை. ‘நாடு நீங்கினார்’ என்பதே மரபு. மரியாதையின் பொருட்டு உருவான இச்சொல்லாட்சி, நோயையும் அதன் காரணத்தையும் பொதுப்பேச்சுக்கு அப்பால் வைத்தது.

நெய்யாற்றின்கரையின் பத்திரிகையாளர்

மன்னராட்சிக் காலத்தில் கிராமங்களுக்குச் செய்தி செல்லும் வழிகள் குறைவு. அரசின் அஞ்சல் சேவை, சந்தை, கோயில், வழிப்போக்கர் ஆகியவையே முதன்மையான வழிகள். பத்திரிகைகள் வந்த பின்னரும் அரண்மனையையும் திவானையும் பற்றி எழுதுவது எளிதாக இருக்கவில்லை.

நெய்யாற்றின்கரையில் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கை இதற்குச் சான்று. வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’ இதழின் ஆசிரியரான அவர், திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26 அன்று அவர் நாடுகடத்தப்பட்டார். அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. 1916-இல் கண்ணூரில் அவர் இறந்தார்.

அவர் எழுதியது அரச குடும்பத்தின் உடல்நலம் பற்றியதல்ல. ஆட்சியின் முறைகேடுகள் பற்றியது. எனினும் பெயரிட்டு எழுதுபவர் தண்டிக்கப்படும் நாட்டில், பெயரின்றிப் பரவும் பேச்சுக்கே இடம் மிஞ்சுகிறது. மறுக்கவும் சரிபார்க்கவும் முடியாத செய்தியே அங்கு செல்வாக்குப் பெறுகிறது.

1924 ஆகஸ்ட் 7 அன்று மன்னர் மூலம் திருநாள் இறந்தபோது, வாரிசான சித்திரைத் திருநாளுக்கு வயது 11. சேது லட்சுமி பாய் 1931 வரை அவருக்காக ஆட்சி நடத்தினார். அந்த ஆட்சியிலும், 1926-இல் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவரப்பட்டது.

நிலவறையும் சாபமும்

அண்மைக் காலத்தில் அரச குடும்பத்தின் நலனையும் வதந்தியையும் இணைத்தது பத்மநாபசுவாமி கோயில் வழக்கு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2011 ஜூன் இறுதியில் கோயில் நிலவறைகள் திறக்கப்பட்டு, பெரும் செல்வம் வெளிப்பட்டது. வழக்கைத் தொடுத்தவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் டி.பி. சுந்தரராஜன், அடுத்த சில வாரங்களில், ஜூலை 17 அன்று 70-ஆவது வயதில் காலமானார். உடனே ‘சாபம்’ என்ற பேச்சு பரவியது.

ஆகஸ்டில் நடந்த தேவப்பிரசன்னத்தில், ‘பி’ நிலவறையைத் திறக்க முயல்வோரின் குலத்துக்குக் கேடு நேரும் என ஜோதிடர்கள் கூறியது அப்பேச்சை வலுப்படுத்தியது. குடும்பத் தலைவர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 2013 டிசம்பர் 16 அன்று காலமானார். அவருக்கு வயது 91.

தணிக்கை மேற்கொண்ட முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய், ‘பி’ நிலவறை 1990-இல் இரு முறையும் 2002-இல் ஐந்து முறையும் திறக்கப்பட்டதாக அறிக்கை அளித்தார். திறக்கப்பட்டது முன்னறை மட்டுமே என்பது அரச குடும்பத்தின் விளக்கம். 2020 ஜூலை 13 தீர்ப்பில் கோயில் நிர்வாகத்தில் குடும்பத்தின் உரிமையை ஏற்ற உச்ச நீதிமன்றம், அந்த அறையைத் திறப்பது குறித்த முடிவை உரிய குழுக்களிடம் விட்டது.

70 வயதினரும் 91 வயதினரும் இறப்பது இயல்பான நிகழ்வு. அதற்குச் சாபம் காரணம் எனக் காட்டும் சான்று எதுவும் இல்லை.

பிற நாடுகளில்

ஜப்பான்: 1988 செப்டம்பரில் பேரரசர் ஹிரோஹிதோ கடுமையாக நோயுற்றார். வெப்பநிலை, நாடித்துடிப்பு முதலியவை நாள்தோறும் அறிவிக்கப்பட்டன. ஆனால் அவருக்குப் புற்றுநோய் என்பது, 1989 ஜனவரி 7 அன்று அவர் இறந்த பின்னரே அதிகாரபூர்வமாகத் தெரிவிக்கப்பட்டது.

தாய்லாந்து: மன்னர் பூமிபோல் மருத்துவமனையில் இருந்த 2009 அக்டோபரில், அவரது உடல்நிலை பற்றிய வதந்தியால் பங்குச்சந்தை கடுமையாகச் சரிந்தது. வதந்தி பரப்பியதாகச் சிலர் கைது செய்யப்பட்டனர். மன்னர் அதன் பின் ஏழு ஆண்டுகள் வாழ்ந்து, 2016 அக்டோபர் 13 அன்று காலமானார்.

பிரிட்டன்: வேல்ஸ் இளவரசி கேத்தரினுக்கு 2024 ஜனவரியில் வயிற்று அறுவை சிகிச்சை நடந்தது. அவர் வெளியே வராத வாரங்களில் சமூக ஊடகங்களில் ஊகங்கள் பெருகின. மார்ச் 10 அன்று அரண்மனை வெளியிட்ட குடும்பப் புகைப்படம் திருத்தப்பட்டது எனக் கண்டறிந்த முன்னணிச் செய்தி நிறுவனங்கள் அதைத் திரும்பப் பெற்றன. இதனால் சந்தேகம் மேலும் வலுத்தது. மார்ச் 22 அன்று, தமக்குப் புற்றுநோய் இருப்பதைக் காணொளியில் இளவரசியே அறிவித்தார். கேலி பேசிய பலர் பின்னர் வருத்தம் தெரிவித்தனர்.

மூன்று நிகழ்வுகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. முழு மௌனமும் அரைத் தகவலும் வதந்தியைத் தடுக்கவில்லை. ஐயத்துக்குரிய ஒரு புகைப்படம், மௌனத்தைவிடக் கூடுதல் தீங்கு விளைவித்தது.

இந்தியாவில் இன்றைய நிலை

1971-இல் நிறைவேற்றப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆவது திருத்தம், முன்னாள் மன்னர்களுக்கான அங்கீகாரத்தையும் மானியத்தையும் ஒழித்தது. எனவே திருவிதாங்கூர் குடும்பத்தினர் சட்டத்தின் முன் பிற குடிமக்களுக்கு நிகரானவர்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு. மக்களிடையே அச்சம் அல்லது பகைமை விளைவிக்கும் பொய்த் தகவல்களைப் பரப்புவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆவது பிரிவின் கீழ்த் தண்டனைக்குரியது.

ஒருவரின் உடல்நலம் பற்றிய செய்தியைப் பகிரும் முன், குடும்பத்தினரோ சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையோ அதனை உறுதி செய்துள்ளனரா என்று பார்ப்பதே முதல் படி. நாள் குறிப்பிடாத பழைய படங்களும், ‘நெருங்கிய வட்டாரம்’ என்று மட்டும் சொல்லும் செய்திகளும் ஐயத்துக்குரியவை.

அரசுரிமை அரண்மனையின் மகப்பேற்றைச் சார்ந்திருந்த நாளில், ஒற்றசேகரமங்கலத்து விவசாயிக்கும் ராணியின் உடல்நிலையை அறிய நியாயமான காரணம் இருந்தது. அதை அறியும் வழி இல்லை. இன்று வழிகள் ஏராளம். ஆட்சி மக்களின் வாக்கைச் சார்ந்திருப்பதால், அந்தக் காரணம் மட்டும் இல்லாமல் போயிருக்கிறது.